பிரேக் அக்காவும் எண்பத்தேழாம் எண்ணும்

அவருடைய வலது கால் எப்போதும் எதையாவது மிதித்துக்கொண்டே இருக்கும். சோபாவில் சாய்ந்து செய்தி பார்க்கும்போதும், பிறர் ஓட்டும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும். பத்தொன்பது வருடமாக டிரைவிங் ஸ்கூலில் கற்றுத்தருகிறார். பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கம் இருப்பது ஒரு பிரேக் மட்டும்தான். மாணவர்கள் அவருக்கு பிரேக் அக்கா என்று பெயர் வைத்தார்கள். அதில் மரியாதை எவ்வளவு, பயம் எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

இந்த பிரேக் அக்காதான் ஊரின் முதல் டிரையத்லானை நடத்தினார். ஐநூறு மீட்டர் நீச்சல், இருபது கிலோமீட்டர் சைக்கிள், அந்தக் கால்களையே வைத்துக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். காசு கொடுத்து இப்படிக் கஷ்டப்பட யார் வருவார்கள் என்று கேட்டவர்களிடம், "என்கிட்ட கார் கத்துக்க வர்றாங்களே" என்றார். நூற்றிருபது பேர் வந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து குழுக் கூட்டம். அடுத்த வருடம் யார் நடத்துவது என்று அதில் முடிவாகும். அக்காவுக்கு அந்தப் பொறுப்பு வேண்டும். வேண்டும் என்று வெளியே சொல்லவில்லை. ஆனால் அடுத்த வருட நீச்சல் குளத்தை இப்போதே சொல்லிவைத்துவிட்டார். குழுத் தலைவரான பல் மருத்துவர், பங்கேற்றவர்கள் நிரப்பிக் கொடுத்த கருத்துப் படிவங்களைக் கூட்டி வகுத்து, பத்துக்கு ஒன்பது புள்ளி நான்கு என்று சொல்லியிருந்தார். அந்த எண் போதும், பொறுப்பு கைக்கு வந்த மாதிரிதான்.

கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பு சாப்பாட்டு மேஜையில் படிவங்களைப் பரப்பினார் அக்கா. நூலகத்தில் வேலை பார்க்கும் கணவர் எட்டிப் பார்த்தார்.

"ஒன்பது புள்ளி நாலா? நம்ம கல்யாணத்துக்கே அவ்வளவு வந்திருக்காதே."

"நீங்க ஃபார்ம் குடுக்கலையே. குடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

கணவர் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு நகர்ந்தார். அக்கா எண்ணினார். நூற்று மூன்று படிவங்கள்.

"ஏங்க, இதை எங்க வச்சு குடுத்தோம்?"

"பினிஷ் லைன்ல. நான்தானே பேனாவோட நின்னேன்."

"அப்ப முடிக்காத பதினேழு பேர்கிட்ட யாரும் கேக்கவே இல்ல. பாஸானவங்ககிட்ட மட்டும் கேட்டா, நான்கூட நல்ல டீச்சர்தான்."

மறுநாள் முதல், இரண்டு வகுப்புகளுக்கு நடுவே காரிலேயே உட்கார்ந்து பதினேழு பேருக்கும் போன் போட்டார். ஒருவருக்கு டயர் பஞ்சர். ஒருவர் நிறுத்தி வைத்த சைக்கிளை இருபது நிமிடம் தேடி, கிடைத்தபோது கோபத்தில் வீட்டுக்கே ஓட்டிப் போய்விட்டார். இன்னொருவர் குளத்துத் தண்ணீரின் குளிரைப் பற்றி ஆரம்பித்து, மருமகளின் குணத்தில் வந்து முடித்தார். எல்லாவற்றையும், பத்துக்கு அவர்கள் கொடுத்த மதிப்பெண்ணோடு எழுதிக்கொண்டார். கடைசியாக, போட்டியில் எண்பத்தேழாம் எண். ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை செய்யும் பெண்.

"நான் முடிச்சேங்க."

"லிஸ்ட்ல இல்லையேம்மா."

"லிஸ்ட் என்னங்க, கோடே இல்ல. நான் வந்து சேர்ந்தப்ப பினிஷ் லைன்ல நிக்குற அந்தக் காத்தடைச்ச வளைவை ரெண்டு பேர் சுருட்டி வேன்ல ஏத்திட்டு இருந்தாங்க. ஓரமா போங்கன்னாங்க. பஸ் ஸ்டாப்பும் ஓரமாத்தான் இருந்துச்சு. அப்படியே போயிட்டேன்."

வளைவு ஒரு கடையிலிருந்து இரவலாக வந்தது. சீக்கிரம் திருப்ப வேண்டியிருந்தது. அன்று பதினொரு மணிக்கு, ஓடப் போகிறவர்கள் சைக்கிளை விட்டுச் செல்லும் நிறுத்துமிடத்தைப் பார்த்தார் அக்கா. ஒரு சைக்கிள்கூட இல்லை. எல்லோரும் முடித்து எடுத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்து, சுருட்டச் சொன்னார்.

"உங்க சைக்கிள் அங்க இல்லையேம்மா?"

"அது தம்பியோடது. நான் ஓட ஆரம்பிச்சதும் அவன் டூட்டிக்கு எடுத்துட்டுப் போயிட்டான்."

அக்கா காரின் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் தெரியவில்லை என்றால் வண்டி இல்லை என்று அர்த்தமில்லை, தலையைத் திருப்பிப் பார். தினமும் ஆறு பேரிடம் தொண்டை கட்டும்வரை சொல்லும் பாடம் இது.

"சுருட்டச் சொன்னது நான்தாம்மா."

மறுமுனையில் அந்தப் பெண் சலவை இயந்திரத்தை நிறுத்தினார்.

"சொன்னது நல்லதாப் போச்சு. மூணு வாரமா அந்த ரெண்டு பேரைத் திட்டிட்டு இருந்தேன்."

கூட்டத்தில் அக்கா பதினேழையும் வாசித்தார். எண்பத்தேழை வாசித்தபோது யார் சுருட்டச் சொன்னது என்பதையும் சேர்த்தே வாசித்தார். பல் மருத்துவர் நெற்றியைத் தேய்த்தார்.

"ஒரே ஒரு ஆள் விஷயம். இதை எதுக்குக்கா கிளறணும்? விட்டுடலாமே."

"ஆடற பல்லு ஒண்ணுதான்னு, வாய் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுப்பீங்களா டாக்டர்?"

கணக்கை மறுபடி போட்டார்கள். ஒன்பது புள்ளி நான்கு, எட்டு புள்ளி மூன்றாக இறங்கியது. அப்படியானால் வேறு ஆளைப் பார்க்கலாமே என்று பின்வரிசை முனகியது.

"பாருங்க. ஆனா எது எது தப்பாச்சுன்னு எனக்குத்தான் தெரியும். புது ஆள் வந்தா எல்லாத்தையும் முதல்லேர்ந்து செஞ்சு பாப்பார்."

புதிதாகத் தப்பு செய்ய அங்கே யாரும் முன்வரவில்லை. பொறுப்பைக் கொடுத்தார்கள். வளைவு மட்டும் அடுத்த முறையும் பதினொரு மணிக்குப் போய்விடும் என்றார் மருத்துவர்.

"வளைவு போகட்டும். கோடு இருக்கும்."

அடுத்த வருடம் பதினொரு மணிக்கு வளைவு போனது. அது நின்ற இடத்தில் அக்கா தன் டிரைவிங் ஸ்கூல் கூம்புகள் இரண்டை வைத்து, நடுவே சாக்பீஸால் கோடு கிழித்தார். சைக்கிள் நிறுத்துமிடம் காலியாக இருந்தது. அதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. கையில் பெயர்ப் பட்டியல் இருந்தது, அதில் ஒரு எண் மட்டும் அடிக்கப்படாமல் இருந்தது. பசிக்கிறது என்று கணவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அக்கா பேனாவைப் பிடிக்கச் சொன்னார்.

பன்னிரண்டு பத்துக்கு எண்பத்தேழாம் எண் திருப்பத்தில் தெரிந்தார். ஓட்டமும் இல்லாத நடையுமில்லாத ஒன்றில் வந்து, கூம்புகளைச் சந்தேகமாகப் பார்த்து, கோட்டைத் தாண்டினார். கணவர் நேரத்தை எழுதினார். அக்கா படிவத்தை நீட்டினார்.

அந்தப் பெண் காரின் மேல் வைத்து, மூச்சு வாங்கியபடி எழுதிக் கொடுத்தார். 'கோடு இருந்தது. வழியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது.'

அக்காவின் வலது கால் தரையை ஒருமுறை அழுத்தியது.

"எந்த இடத்துலம்மா தீந்துச்சு?"

"மூணாவது கிலோமீட்டர்ல. காலி டிரம்தான் இருந்துச்சு."

காரிலிருந்த பாட்டிலை அவரிடம் கொடுத்துவிட்டு, அக்கா பட்டியலின் பின்பக்கத்தைத் திருப்பி எழுத ஆரம்பித்தார்.