எட்டங்குல போல்ட்

என் மேசையில், கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில், ஒரு இரும்பு போல்ட் கிடக்கிறது. எட்டங்குல நீளம். ஒரு முனையில் அறுகோணத் தலை, மறுமுனையில் விரலளவு மரை. நடுவில் ஓரிடம் அரம் பட்டு மெலிந்திருக்கிறது. மாதத்துக்கு ஒருதடவை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பேன். கடதாசி பறக்காமல் இருக்க வைத்த பாரம் என்று என் மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் திருத்தவில்லை. வீட்டில் ஒருவரையும் சும்மா விடாமல் சீண்டுகிறவன் நான். இந்த ஒரு சாமானை வைத்து மட்டும் பகிடி விடுவதில்லை. அது என் மேசைக்கு வந்ததே ஒரு பகிடியால்தான்.

தொண்ணூறாம் ஆண்டு எனக்கு இருபது வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய், கொழும்புத்துறை றோட்டில் ஒரு கராஜில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஆனி மாதம் திரும்பவும் சண்டை தொடங்கியதும் முதலாளி சாவியை என்னிடம் தந்துவிட்டுக் குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டார். மின்சாரம் நின்றது. பெற்றோலும் நின்றது. ஊரில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகின. கண்ணுக்கு விடும் மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றருக்குள் நாலு சொட்டு விட்டு உதைத்தால் எஞ்சின் இருமிக்கொண்டு எழும்பும். எழும்பின கையோடு மண்ணெண்ணெய்க்குத் திறந்துவிட வேண்டும். சின்ன எஞ்சின்கள் இதைத் தாங்கின. பெரியவை கொஞ்ச நாளில் பிஸ்டன் இறுகிச் செத்தன. அப்படிச் செத்த ஒன்றைத் தள்ளிக்கொண்டுதான் நானா கராஜுக்கு வந்தார்.

முஸ்லிம் ஆக்கள் அண்ணனை ‘நானா’ என்பார்கள், நானும் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். அவருக்கு ரவுணில் பழைய இரும்புக்கடை. முஸ்லிம் ஆக்கள் இருந்த தெருவில் வீடு. வயது நாற்பதுக்கு மேல், கட்டையான உடம்பு, எப்போதும் ஏதோ பிந்திவிட்டதுபோல ஒரு நடை. அவருடைய வண்டி ஒரு ஜப்பான் ட்ரெயில் பைக். சிவப்புப் பெற்றோல் தாங்கி, சக்கரத்துக்கு மேலே உயரத்தில் நிற்கும் மட்காட், காட்டுப் பாதைக்கென்று பல்லுவைத்த ரயர், இரண்டு பேர் தாராளமாகவும் மூன்று பேர் ஒட்டிக்கொண்டும் இருக்கக்கூடிய நீளமான சீற். அந்த நீளச் சீற்றுக்காகத்தான் அதை விற்காமல் வைத்திருந்தார். வீட்டில் அவருடைய தகப்பன், வாப்பா, பாரிசவாதம் வந்து கிடந்தார். சைக்கிள் கரியரில் இருத்தினால் ஒரு பக்கமாகச் சரிந்துவிடுவார். முன்னுக்கு ஒருவர், பின்னுக்கு ஒருவர், நடுவில் வாப்பா என்றால்தான் கொண்டுபோகலாம். அந்த நாட்களில் குண்டு போடும் பொம்பர் தினமும் ரவுணுக்கு மேலே சுற்றியது. “தம்பி, ஓடவேண்டி வந்தா நாங்கள் ஓடிருவம். வாப்பாவை எதிலை ஏத்திறது?” என்று முதல் நாளே கேட்டார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் அதையேதான் கேட்டார்.

செத்த எஞ்சினை உயிர்ப்பிக்கச் சாமான் இல்லை. நானா தன் கடையைக் கிளறி வேறொரு சின்ன மோட்டார் சைக்கிளின் தொண்ணூறு சிசி எஞ்சின் ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். அதன் சிலிண்டர் படுத்துக் கிடக்கும் சாதி. ட்ரெயில் பைக்கின் சட்டமோ நிமிர்ந்து நிற்கும் எஞ்சினுக்கென்று செய்தது. நான் எஞ்சினைச் சட்டத்துக்குள் தூக்கி வைத்துப் பார்த்துவிட்டு, “நானா, குதிரைக்கு ஆட்டின்ரை நெஞ்சை வைக்கச் சொல்லுறியள்” என்றேன். “ஆட்டின்ரை நெஞ்செண்டாலும் துடிச்சாக் காணும்” என்றார். மின்சாரம் இல்லாததால் வெல்டிங் வைத்து ஒட்டும் வேலை இல்லை. எல்லாவற்றையும் போல்டால்தான் பிடிக்க வேண்டும். பழைய லொறிச் சட்டத்திலிருந்து தகடு வெட்டி, கையால் சுற்றும் டிறில்லால் ஓட்டை போட்டேன். ஒரு ஓட்டைக்கு அரை நாள் போனது. நானா தகட்டை இரண்டு காலாலும் மிதித்துப் பிடிப்பார், நான் சுற்றுவேன். முன்பக்கம் இரண்டு தகடு, நாலு போல்ட். பின்பக்கம் ஒரே ஒரு நீள போல்ட், சட்டத்தையும் எஞ்சினையும் ஊடுருவி மறுபக்கம் வர வேண்டும். அது இல்லாவிட்டால் எஞ்சின் தொங்கும், செயின் கழலும். அந்த அளவில் போல்ட் தேடி நானா மூன்று நாள் அலைந்தார். கடைசியில் தன் கடையில் இருந்த ஏதோ ஒரு அச்சு யந்திரத்தை உடைத்து எடுத்துக்கொண்டு வந்தார். குடாநாட்டில் அப்படி இன்னொன்று இருந்திருக்குமோ தெரியாது.

நானாவைச் சீண்டுவது எனக்குப் பெரிய பொழுதுபோக்கு. பின்னேரங்களில் ஒரு போத்தல் தேத்தண்ணீரும் பனங்கட்டித் துண்டும் கொண்டுவருவார். வாசலிலேயே “முடிஞ்சுதோ?” என்பார். நான் தலை நிமிராமல் “நாளைக்கு, நானா” என்பேன். “உன்ரை நாளை எந்த மாசத்திலை வரும்?” என்பார். “பிறை பாத்துத்தான் சொல்லவேணும்” என்பேன். அடிக்கக் கை ஓங்குவார், பிறகு அதே கையால் பனங்கட்டியை உடைத்துத் தருவார். அவருடைய முகம் சிவந்து, மூக்கு விடைத்து, பிறகு சிரிப்பு வந்து முழுவதும் குலைந்துபோவதைப் பார்ப்பதற்காகவே நான் வேலையை மெதுவாகச் செய்தேன் என்றால் அது பொய்யில்லை. வேலை முடிந்தால் அந்த முகம் வராது. அந்தச் சிவப்பு வண்டியும் போய்விடும்.

ஐப்பசியில் ஒரு பின்னேரம் எல்லாம் பொருந்திவிட்டது. நீள போல்டைப் போட்டு முடுக்குவது மட்டும்தான் மிச்சம். தூரத்தில் நானாவின் சைக்கிள் மணி கேட்டது. என்ன நினைத்தேனோ, போல்டை எடுத்துச் சேட்டுப் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டேன். அவர் வந்ததும் முகத்தைத் தொங்கப்போட்டு, “நானா, நீள போல்டைக் காணேல்லை” என்றேன். அவர் குனிந்து தகரத்துக்குக் கீழே பார்த்தார், கிரீஸ் வாளியில் கைவிட்டுப் பார்த்தார். நிமிர்ந்து என்னைக் கொஞ்ச நேரம் மேலும் கீழும் பார்த்தார். நான் எதிர்பார்த்த சிவப்பு முகம் வரவில்லை. “சரி, நாளைக்குத் தேடுவம்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார். பகிடி பிசகிவிட்டதுபோல எனக்கு ஏமாற்றமாக இருந்தது. விடிய வந்ததும் காட்டிவிட்டுச் சிரிக்கலாம் என்று போல்டை அப்படியே விட்டுவிட்டேன்.

விடிய, வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம், ஊரைக் கையில் வைத்திருந்த இயக்கத்தின் வாகனம் ஒன்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு றோட்டால் போனது. என்ன சொல்லுகிறார்கள் என்று முழுவதும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நானா சைக்கிளை விழுத்திவிட்டு உள்ளே ஓடிவந்தார். சாரம் மடித்துக் கட்டியிருந்தார், தலையில் தொப்பி இல்லை. “முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் போகட்டாம். ரெண்டு மணித்தியாலம். உடுப்போடை போகட்டாம்.” எனக்கு விளங்கவில்லை. “எங்கை, நானா?” என்றேன். “எங்கையெண்டும் சொல்லேல்லை. பெண்சாதி பிள்ளையள் சந்திக்குப் போயிட்டினம். வாப்பா வீட்டிலை கிடக்கிறார். வண்டி ஓடுமோ, தம்பி?”

நான் பொக்கற்றுக்குள் கைவிட்டுப் போல்டை எடுத்தேன். வேறு வழியில்லை. அவருக்கு முன்னால்தான் எடுத்தேன். அவருடைய கண் போல்டில் விழுந்து, என் முகத்துக்கு வந்து, திரும்பவும் போல்டுக்குப் போனது. ஏசியிருந்தால், கன்னத்தில் ஒன்று போட்டிருந்தால், எனக்குப் பின்னாளில் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். அவரோ ஸ்பானரை எடுத்து என் கையில் வைத்தார்.

முதல்நாள் போட்டிருந்தால் வழுக்கிக்கொண்டு போயிருக்கும் போல்ட் அன்று போகவில்லை. இராத்திரி முழுவதும் பின்பக்கம் பிடிப்பில்லாமல் கிடந்த எஞ்சின் தன் பாரத்தில் ஒரு நூல் இறங்கியிருந்தது. ஓட்டையும் ஓட்டையும் நேரில் இல்லை. நானா அலவாங்கைச் செருகி எஞ்சினை நெம்பினார். நான் போல்டைத் தட்டினேன். பாதி போய் இறுகிக்கொண்டது. வெளியே இழுத்து, அரத்தால் நடுவில் உராய்ந்தேன். அவசரத்தில் அரம் வழுக்கிப் புறங்கை கிழிந்தது. “அவசரப்படாதை” என்றார் நானா. அவருடைய நெற்றியிலிருந்து வேர்வை எஞ்சினில் சொட்டியது. ஒலிபெருக்கி இன்னொரு தெருவுக்குள் திரும்பும் சத்தம் கேட்டது. இரண்டாம் தரமும் போகவில்லை. மூன்றாம் தரம், அலவாங்கை நெம்பியபடியே அவர் ஏதோ அரபில் முணுமுணுத்தார். நான் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். மரை மறுபக்கம் எட்டிப்பார்த்தது. நட்டை முடுக்கி, தாங்கியை வைத்து, மருந்துப் போத்தலில் இருந்த கடைசிச் சொட்டுப் பெற்றோலையும் விட்டு உதைத்தேன். ஆட்டின் நெஞ்சு துடிக்கத் தொடங்கியது. இனி எங்கும் நிற்பாட்ட முடியாது. நின்றால் எழுப்பப் பெற்றோல் இல்லை.

அவருடைய வீட்டுக் கதவு திறந்தபடி கிடந்தது. குசினியில் அடுப்புப் புகைந்துகொண்டிருந்தது. வண்டியை வாசலில் உறுமவிட்டுவிட்டு இரண்டு பேருமாக வாப்பாவைத் தூக்கினோம். வெள்ளைத் தொப்பி போட்டு, துவைத்த சேட் உடுத்தி, யாரோ அவரை ஆயத்தமாக்கி வைத்திருந்தார்கள். “எங்கை போறம்?” என்று இழுத்து இழுத்துக் கேட்டார்.  என் வாய் பழக்கத்தில், “ஆசுப்பத்திரிக்கு, வாப்பா. புது வண்டி” என்றது. அவர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “புது வண்டியோ? சத்தம் பழசாக் கிடக்கு” என்றார். நானா சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

நானா ஓட்டினார். நான் பின்னால் இருந்து வாப்பாவை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தேன். தெரு முழுவதும் சனம், கையில் ஒரு பையோடு, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தது. சந்தியில் துவக்கோடு நின்ற இயக்கக்காரர்கள் ஒவ்வொருவரையும் மறித்துச் சோதித்தார்கள். பறித்த சாமான்கள் ஒரு பக்கம் குவிந்திருந்தன, பறித்த வாகனங்கள் இன்னொரு பக்கம் வரிசையாக நின்றன. என் வயதுப் பெடியன் ஒருவன் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “வண்டி ஆற்றை?” என்றான். நானா வாய் திறக்குமுன் நான் சொன்னேன்: “என்ரை.”

“உன்ரை எண்டா ஏன் அவர் ஓடுறார்?”

 நானா என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “அவன்ரைதான் தம்பி. எங்கடை கிழவனைப் பின்னாலை இருந்து பிடிக்க இளந்தாரி வேணும். அதாலை நான் ஓடினன்.” பெடியன் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். வண்டியைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று கன வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் அவ்வளவு கெதியாக என் வாயில் வந்ததற்கு அந்தச் சிவப்பு வண்டியில் எனக்கிருந்த ஆசையும் காரணம். தன் வண்டியைத் தன் வாயாலேயே இன்னொருவனுடையது என்று சொல்லிவிட்டு நானா இறங்கினார். சனத்தை ஏற்றிக்கொண்டு நின்ற லொறி ஒன்றில், அவருடைய பெண்சாதி பிள்ளைகளுக்குப் பக்கத்தில், வாப்பாவை ஏற்றினோம். லொறி நகரும்போது நானா மேலிருந்து குனிந்து, எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்தினார்: “பின் நட்டை இன்னொருக்கா முடுக்கு!” நான் தலையாட்டினேன். 

ஐந்து வருடம் அந்த வண்டியை ஓடினேன். ஒவ்வொரு நாளும் நட்டை முடுக்கினேன். யாராவது அடையாளம் கண்டு பறித்துவிடுவார்கள் என்ற பயத்தில் தாங்கிக்குக் கறுப்பு மை பூசினேன்.  தொண்ணூற்றைந்தில் இராணுவம் வருகிறது, வெளிக்கிடுங்கள் என்று எங்களுக்கும் ஒலிபெருக்கி வந்தது. ஒரே இரவில் வலிகாமம் முழுவதும் சாவகச்சேரிப் பக்கம் போனபோது, என் அம்மாவைப் பின்னால் இருத்திக்கொண்டு அந்தச் சனத்துக்குள் நானும் போனேன். நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட மண்ணெண்ணெய் முடிந்தது. மழை, சேறு. தள்ளவும் இடமில்லை. அம்மா “விட்டிட்டு வா” என்று அழுதா. சனம் ஏச ஏச, வண்டியை ஓரத்தில் சாய்த்து, நட்டைக் கழற்றி, நீள போல்டை மட்டும் தட்டி எடுத்தேன். அது இல்லாமல் ஒருவரும் ஓட முடியாது என்ற எண்ணம். ஊர் திரும்பி வந்து தேடியபோது அந்த இடத்தில் வண்டியின் பல்லு ரயர்கூட இல்லை.

சமாதான காலத்தில் பாதை திறந்தபோது நானா வந்தார், புத்தளத்திலிருந்து. தாடி முழுவதும் வெள்ளை. வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கூரை இல்லை, அறைக்குள் ஒரு வேம்பு நிற்கிறது என்றார். வாப்பா போன மூன்று மாதத்தில் மௌத்தாகி, அங்கேயே அடக்கமாம். நான் வண்டியின் கதையைச் சொல்லி முடித்து, போல்டை எடுத்து அவர் கையில் வைத்தேன். மன்னிப்புக் கேட்பதற்குப் பன்னிரண்டு வருடமாக ஒரு வசனம் கட்டி வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு, “அண்டைக்கு... பொக்கற்றிலைதான் கிடந்தது, நானா” என்றேன்.

அவர் போல்டை உள்ளங்கையில் உருட்டினார். “தெரியும். முதல்நாளே தெரியும். எட்டங்குல போல்ட் பொக்கற்றுக்காலை எட்டிப் பாத்துக்கொண்டு நிண்டது.”

“பிறகேன் கேக்கேல்லை?”

“பெடியன் விளையாடுறான், நாளைக்குத் தருவான் எண்டு நினைச்சன்.” போல்டின் மெலிந்த இடத்தை விரலால் தடவினார். “நாளைக்கு எடுக்கலாம் எண்டு நானும்தானே விட்டனான்.”

போகும்போது போல்டை அவருடைய பையில் வைக்கப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டு, அதை மேசையில் வைத்தார். “இங்கையே கிடக்கட்டும். நாளைக்கு வந்து எடுக்கிறன்” என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். பழைய மூக்கு ஒருக்கால் விடைத்து அடங்கியது. அடுத்த நாள் காலையில் புத்தளம் போகும் பஸ்ஸில் அவர் போய்விட்டார்.

இன்றைக்கும் துடைத்து வைத்தேன். அரம் பட்ட இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கிறது.