காத்திருந்த வீரம்மா

சிரிப்பார்கள் என்று பயந்து குமுதா ஆறு மாதம் இதை யாரிடமும் சொல்லவில்லை. பட்டப்பகல். அறுபது பேர் நிறைந்த கூடம். அங்கேதான் நடந்தது.

கிள்ளானில் ஒரு மருத்துவமனை. அவசரப் பிரிவுக்குள் நுழைந்ததும் முதல் மேசையில் இருக்கும் தாதி அவள். வருகிறவர்களில் யாருக்கு அவசரம் என்று பிரிப்பது அவள் வேலை. உயிருக்கு ஆபத்தென்றால் சிவப்புப் பட்டை. அடுத்து மஞ்சள். காத்திருக்கலாம் என்றால் பச்சை. ஓர் ஆளைப் பார்க்க இரண்டு நிமிடம் கிடைத்தாலே பெரிது.

அன்று மழை கொட்டியது. பிற்பகல் 3.10. ஒரு அம்மா வந்து எதிரே உட்கார்ந்தார். வந்தவர்கள் எல்லாரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். இவர் சேலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"பேரு ஆன்டி?"

"வீரம்மா. தாடை வலிக்குது மிஸ்ஸி."

விரலில் நாடி பார்க்கும் கருவியை மாட்டினாள். எண் வரவில்லை. இரண்டு கோடுகள் மட்டும். விரல் ஜில்லென்று இருந்தது. ஏர்கான் குளிர் என்று நினைத்துக்கொண்டாள்.

மணிக்கட்டில் ஏற்கெனவே ஒரு பச்சைப் பட்டை. காகிதப் பட்டை. இந்த மருத்துவமனையில் அதை நிறுத்தி மூன்று வருடமாகிறது...

"இத யாரு கட்டுனது?"

அந்த அம்மா திரும்பி, சுவரோரம் இருந்த ஒருவரைக் காட்டினார்.

"என்னை விடுங்க. அவரைப் பாருங்க."

தம்புசாமி. பல்வலி என்று வந்தவர். 2.35-க்குக் குமுதாதான் பச்சை கட்டியிருந்தாள்.

"அவரு வெயிட் பண்ணலாம் ஆன்டி. பல்வலிதான் லா."

"நானும் வெயிட் பண்ணேன்."

குமுதா நிமிர்ந்தாள். நாற்காலி காலி.

3.14. டிங்... அடுத்த எண்ணைக் கூப்பிட்டது ஒலிபெருக்கி.

அந்த அம்மா இப்போது தம்புசாமியின் பக்கத்து இருக்கையில்.

அந்த அம்மாவின் கண்கள் இமைக்கவில்லை.

குமுதா எழுந்து ஓடினாள். வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை.

"அங்கிள்?"

அவர் முகமெல்லாம் ஈரம். மழையில் நனைந்த ஈரமல்ல அது. வியர்வை. "வலி தோளுக்கு இறங்குது மிஸ்ஸி..."

பல்வலி இல்லை. மாரடைப்பு.

3.19-க்குச் சிவப்புப் பகுதிக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். மனிதர் பிழைத்துக்கொண்டார்.

"உங்க பக்கத்துல இருந்த ஆன்டி யாரு?" மறுநாள் வார்டில் கேட்டாள்.

"யாரும் உக்காரல. அந்தப் பக்கம் மட்டும் ரொம்ப குளிரு..."

நேராகப் பதிவுப் பிரிவுக்குப் போனாள். அங்கே வேலை பார்க்கும் ஷாமினியிடம் வீரம்மா என்ற பெயரைச் சொல்லித் தேடச் சொன்னாள்.

"இருக்கு அக்கா. நாலு வருஷத்துக்கு முந்தி. தாடை வலின்னு மத்தியானம் ஒரு மணிக்கு வந்தாங்க. பச்சை. சாயங்காலம் நம்பர் கூப்பிட்டப்ப எந்திரிக்கல. நாற்காலியிலயே..."

"யாரு பச்சை குடுத்தது?"

ஷாமினி திரையை மெல்ல அவள் பக்கம் திருப்பினாள்.

அந்தத் தேதி குமுதாவுக்கு நினைவிருந்தது. மதியம் இரண்டு மணிக்கு வேலை முடித்து, பிரசவ விடுப்பில் வீட்டுக்குப் போன நாள். திரும்பி வந்தபோது அந்தச் சாவைப் பற்றி யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

பதிவில் இருந்தது அவள் பெயர்.