கூறைப்புடவை கட்டிக் கடலுக்குப் போனது

அமாவாசையன்று எங்கள் ஊரில் தறி ஓடாது. அப்படி ஒரு அமாவாசைக்குத்தான், கல்யாணமாகி எட்டு மாதம் கழித்து, என் வீட்டுக்காரர் என்னை மகாபலிபுரத்துக்குக் கூட்டிப் போனார். அவர் ஊமை இல்லை. ஆனால் என்னிடம் தண்ணீர் கேட்பார், நூல் கேட்பார், அதோடு சரி. அன்றைக்கும் வாயைத் திறக்காவிட்டால், திரும்பும் வழியில் அய்யம்பேட்டையில் இறங்கி அம்மா வீட்டோடு இருந்துவிடுவது என்று முடிவு கட்டியிருந்தேன்.

சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் கடல். அம்மாடி! பாலாற்றில் மணலைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இங்கே கல் கோயிலின் காலடி வரை அலை வந்து நுரைத்துவிட்டுப் போனது. சின்னச் சின்ன நண்டுகள் குடுகுடுவென்று ஓடி வளைக்குள் மறைந்தன. எனக்குக் கைகொட்டிச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. திரும்பினால், அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேலையத் தூக்கிப் புடி. உப்புத் தண்ணி பட்டா ஜரிகை கறுத்துடும்."

நான் கட்டியிருந்தது கூறைப்புடவை, எங்கள் கல்யாணத்துக்கு அவரே நெய்தது. பெண்டாட்டி எக்கேடு கெட்டால் என்ன, ஜரிகைதான் பெரிசு! எரிச்சலோடு தண்ணீரில் இறங்கினேன். ஒரு பெரிய அலை காலை வாரிவிட்டது. வேறொருத்தி என்றால் கையை ஊன்றியிருப்பாள். நான் நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவளாயிற்றே, முந்தானையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தொப்பென்று குப்புற விழுந்தேன்.

ஓடிவந்து தூக்கினார். "அறிவிருக்குதா உனக்கு? கைய ஊனக் கூடாதா? மூஞ்சி பேந்திருந்தா?" வேட்டி நுனியால் என் நெற்றியைத் துடைத்தார்.

"முந்தானைக்கு ஒண்ணும் ஆவல, பாத்துக்கோங்க! நான் அய்யம்பேட்டையில எறங்கிக்கறேன். நீங்க தறியோடவே குடும்பம் நடத்துங்க!" என்று கத்தினேன். வாயெல்லாம் மணல்.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எனக்குப் பேச வராதும்மா," என்றார். "இந்தச் சேலைய நெய்யறப்ப உங்கிட்ட பேசிக்கினேதான் நெய்தேன். அப்ப உன்னப் பாத்ததுகூட இல்ல. காலையில தறியில குந்தினதும் சாப்டியான்னு கேப்பேன். நீ நேர்ல வந்ததும் ஒண்ணுமே வரல."

என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அந்த மனுஷனை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. சுற்றிலும் ஆட்கள்.

"இப்பக் கேளுங்க," என்றேன்.

அக்கம்பக்கம் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சாப்டியா?"

இல்லை என்று சொல்வதற்குள் அழுதுவிட்டேன்.