அப்பாவின் தொடையிலிருந்த தகடு

எண்பதுகளின் கடைசியில், இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த நேரம். ரிஷிவந்தியம் பக்கத்தில் எங்கள் ஊர். சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் பஸ் எதுவும் ஓடவில்லை.

அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. முந்தைய வருஷம் வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்ததில், உள்ளே இரும்புத் தகடு வைத்திருந்தார்கள். நன்றாகவே நடந்துகொண்டிருந்தார். அந்த வாரம் கழனியில் கரும்புக் கட்டை குத்தி பாதத்தில் புண். மஞ்சள் வைத்துக் கட்டினேன். நாலாம் நாள் காய்ச்சல் வந்தது. ஆறிப்போயிருந்த தொடை திரும்ப வலித்தது.

"வயசாச்சில்லம்மா, வலிக்காம இன்னா பண்ணும்? வுடு" என்றார். எனக்கும் தலைக்கு மேல் வேலை. விட்டுவிட்டேன்.

அன்று காலை, பஸ் இல்லாமல் கள்ளக்குறிச்சிக்கு டூட்டிக்கு நடந்தே போய்க்கொண்டிருந்த ஒரு நர்ஸ் தண்ணீர் கேட்டு வந்தார். சின்னப் பெண். அப்பா முனகுவதைப் பார்த்து, புண்ணையும் தொடைத் தழும்பையும் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கேள்வி மேல் கேள்வி கேட்டார்.

"வயசான உடம்பு அப்படித்தான் இருக்கும். நீ தண்ணி குடிச்சிட்டுப் போம்மா" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் கோபப்படவில்லை. "புண்ணுல இருக்கற கிருமி ரத்தத்துல போயி உள்ள இருக்கற இரும்புல ஒட்டிக்கும்க்கா. தொடை எப்படி கொதிக்குது பாருங்க. வயசானவருக்கு எதிர்ப்பு சக்தி கம்மி. இப்படியே வுட்டா காலே போயிடும், உசுருக்கே ஆபத்து. இன்னைக்கே கெளம்புங்க."

தொடையைத் தொட்டுப் பார்த்தேன், நெருப்பாகக் கொதித்தது. அப்பாவை மாட்டு வண்டியில் கிடத்திக் கிளம்பினோம், அந்த நர்ஸும் கூடவே. சாலையில் வெட்டிக் கிடந்த முதல் புளியமரத்திலேயே வண்டி நின்றுவிட்டது. மறியலில் உட்கார்ந்திருந்தவர்களிடம் நர்ஸ்தான் பேசினார். மரத்தை வெட்டிப் போட்டவர்களே கயிற்றுக் கட்டில் கொண்டுவந்து, "பெரியவரே, கெட்டியா புடிச்சிக்குங்க" என்று தோளில் தூக்கிக்கொண்டார்கள். ஆள் மாற்றி ஆள் மாற்றி, மரம் மரமாகத் தாண்டி, ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தார்கள்.

அன்றே தொடையைத் திறந்து சீழைக் கழுவினார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். வாரக்கணக்கில் ஊசி போட்டார்கள். எலும்பு கூடியிருந்ததால் பிறகு தகட்டையும் எடுத்துவிட்டார்கள். அடுத்த நடவுக்கு அப்பா தன் காலாலேயே வரப்பில் நடந்து வந்து எங்களை அதட்டினார். அந்த அதட்டல் அவ்வளவு இனித்தது.

இப்போது எனக்கே அந்த வயது. எந்தப் பெரியவராவது வலிக்கிறது என்றால், வயசாச்சு என்று சும்மா இருக்காமல், அந்த வயது காரணமாகவே சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று, நான் எரிந்து விழுந்த அந்தச் சின்னப் பெண்தான் எனக்குப் புரியவைத்தார்.