உலு திராமில் பார்த்த சுகர் கிளைடர்

என் கணவருக்கு அந்த ஆசை கைப்பேசியிலிருந்து வந்தது. யாரோ ஒருவன் சட்டைப் பையைத் திறந்து காட்ட, அலமாரி உச்சியிலிருந்து உள்ளங்கை அளவுப் பிராணி ஒன்று கைகாலை விரித்து மிதந்து வந்து உள்ளே விழுகிறது. சுகர் கிளைடர். இவர் அதைப் பறக்கும் அணில் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அது அணிலே இல்லை, கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டி வளர்ப்பது என்றேன்.

"ரெண்டும் ஒன்னுதான் லா" என்றார்.

வாங்குவதற்கு முன் விசாரிப்போம் என்றேன். எங்கள் வீட்டில் விசாரிப்பது என்றால் நான் படிப்பேன், அவர் வீடியோ பார்ப்பார். பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருக்கும். கூட்டமாக வாழ்கிற பிராணி. தனியே அடைத்தால் ஏங்கிப்போய்த் தன் முடியைத் தானே பிடுங்கிக்கொள்ளும். தீனி சரியில்லாவிட்டால் எலும்பு பலமிழந்து பின்னங்கால்கள் விளங்காமல் போகலாம். வளர்ப்போர் குழு ஒன்றிலும் சேர்ந்து பார்த்தேன். பாதிப் பேர் அதற்குத் தொப்பி மாட்டிப் படம் போட்டார்கள். மீதிப் பேர், "வேலை ஜாஸ்தி, யாராச்சும் எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டார்கள். தொப்பி மாட்டியவர்களே கொஞ்ச நாளில் அப்படிக் கேட்டதும் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உலு திராமில் ஒரு தாமானுக்கு, வரிசை வீடுகள் உள்ள குடியிருப்புக்கு, போனோம். விற்பவர் வீட்டில், கார் நிறுத்தும் இடத்தில் கோழிக்குஞ்சு அடைக்கும் அளவுக் கூண்டுகள். நல்ல வெயில். தூங்கிக்கொண்டிருந்த ஒன்றைத் துணிப்பையிலிருந்து இழுத்து என் கணவரின் சட்டையில் ஒட்டவைத்தார். அது கரகரவென்று கத்தியது.

"சாரை அதுக்குப் பிடிச்சிருச்சு. பேசுது பாருங்க."

அது பயத்தில் போடும் சத்தம். இவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"என்ன சாப்பாடு கொடுக்கிறீங்க?" என்று விற்பவரிடம் கேட்டேன்.

"எது குடுத்தாலும் சாப்பிடும்க்கா. ரொட்டி, பிஸ்கட்டு."

"ஒன்னை மட்டும் தனியா வளர்க்கலாமா?"

"தனியா வச்சாத்தான் உங்ககிட்ட ஒட்டும்."

"சீக்கு வந்தா எந்த டாக்டர்கிட்ட போறது?"

"இதுக்கெல்லாமா டாக்டரு? செத்துப்போனா வாங்க, அடுத்தத டிஸ்கவுண்ட்ல தரேன்."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சலுகை என்றே நினைத்துச் சொன்னார்.

அங்கே இன்னொரு தம்பதி, மகளின் பிறந்தநாளுக்கென்று ஒன்றை வாங்கிக்கொண்டிருந்தார்கள். ரோஸ் நிறப் பை வேறு. இரவு முழுக்க விழித்திருக்கும், துணையில்லாமல் இருக்காது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"பரவாயில்லக்கா. பிள்ளைக்கு அலுத்துட்டா வித்துடலாம்" என்றாள்.

நாற்காலி வாங்குகிறவர்கள்கூட இதைவிட யோசிப்பார்கள்.

என் கணவர் பணப்பையை எடுத்துவிட்டார். ராத்திரி இதோடு யார் விழித்திருப்பது என்று கேட்டேன்.

"நீ பாத்துக்க மாட்டியா? வீட்லதானே இருக்க."

நான் வீட்டிலிருந்தபடி ஒரு கம்பெனிக்குக் கணக்கு வேலை பார்ப்பவள். விடியும் முன் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பி, திரும்பி வந்து சோறு இறங்கியதும் குறட்டை விடுகிற மனிதர், யாரை நம்பி இதை வாங்க வந்தார் என்று அப்போதுதான் விளங்கியது.

"வண்டிய எடுங்க" என்றேன்.

வெறுங்கையோடு திரும்பினோம். எனக்கு ஈரமில்லாத மனசு என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொன்னார். சொல்லட்டும். போன வாரம் மீன் தொட்டி பற்றி ஆரம்பித்தார். மீன் தூங்குமா என்று கேட்டேன். தெரியாது என்றார். தெரிந்துகொண்டு வாருங்கள் என்றேன். இன்னும் வரவில்லை.