உப்புப் பார்க்காமல் சமைத்தவள்

செய்தி வந்தபோது நான் பூட்டிய வீட்டுக்குள் இருந்தேன். மகனும் மருமகள் கவிதாவும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வழக்கம்போல வெளியே பூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். தனியாக மாடிப்படி இறங்கினால் நான் விழுந்துவிடுவேனாம். ஃபோனில் மகன், "அம்மா, அத்தை போயிட்டாங்க. நேரா அத்திபெலே வீட்டுக்கு எடுத்துனு போறாங்க. நீ எழுந்து கதவுகிட்ட போவாத, உக்காந்துனு இரு" என்றான். நான் அழவில்லை. என் சம்பந்தி சரோஜாவின் முகத்தை இனிப் பார்க்கப்போவதில்லை என்பது மட்டும் விளங்கியது. ஸ்ரீராம்புரத்துச் சந்தில், மூன்றாவது மாடியிலிருந்து இடுப்பு ஒடிந்த கிழவியைத் தூக்கி இறக்க அந்த நேரத்தில் யாருக்குக் கை ஒழியும்?

சரோஜாவை அறிந்தவர்கள் அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வார்கள். நான் உள்ளதைச் சொல்கிறேன். எங்களுக்குள் முதலில் ஆகவே ஆகாது. நிச்சயதார்த்தத்துக்கு வந்தவள் எங்கள் வீட்டுத் தண்ணீரைத் தொடவில்லை. கையோடு பாட்டில் கொண்டுவந்திருந்தாள். பச்சை மூடி. நாங்கள் மாட்டுக்கறி தின்கிறவர்கள். அவர்கள் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார்கள். பிள்ளைகள் விரும்பிக் கட்டிக்கொண்டார்கள், நாங்கள் சம்பந்தி ஆனோம், அவ்வளவுதான்.

பிறகு நான் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். மகனுக்கும் கவிதாவுக்கும் லீவு கிடைக்கவில்லை. அத்திபெலேயில் தன் மகன்களோடு இருந்த சரோஜா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினாள். எனக்கு மலம் மூத்திரம் எடுத்தாள். ஒரே அறையில் கட்டிலில் நான், கீழே பாயில் அவள். என்னால் எழுந்து போக முடியாது; என்னை விட்டு அவளாலும் போக முடியாது. ஜன்னல் கம்பிக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு, பேசாமல் கிடந்தோம். ஒரு நாள் அவள் வைத்த பூசணிக்காய்க் கூட்டைத் தள்ளிவிட்டு, அவளை விரட்டுவதற்காகவே மாட்டுக்கறி கேட்டேன்.

"பெரிய கறி ஆக்கிக் குடு. துன்றேன்."

அவள் கூட்டுத் தட்டை எடுத்து வைத்தாள். "எப்பிடி ஆக்கறதுன்னு சொல்லுங்க அண்ணி. நான் கண்டேனா?"

நான் சொல்லவில்லை. சாயங்காலம் மகன் கறி வாங்கி வந்தான். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு, தனக்குத் தெரிந்த காரக்குழம்பு மாதிரி முதலிலேயே புளியைக் கரைத்து ஊற்றிவிட்டாள். புளியில் போட்ட கறி எங்கே வேகும்? தாடை வலிக்க மென்று பார்த்துவிட்டு, "இது கறியா, ரப்பர் செருப்பா?" என்று கேட்டேன்.

"எனக்கு ரெண்டுமே தெரியாது. நீங்கதான் ரெண்டையும் துன்னு பாத்தா மாதிரி பேசறீங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் இடுப்பு வலித்தது. அதற்கும் அவளையே திட்டினேன். அவள் போகவில்லை. அதனால் மறுமுறை கட்டிலில் இருந்தபடியே சொல்லிக்கொடுத்தேன். கறியைக் கட்டைவிரல் நகத்தளவு நறுக்கி, இஞ்சி பூண்டு, மஞ்சள், உப்புப் பிசறிக் குக்கரில் போட வேண்டும். தண்ணீரே ஊற்றக்கூடாது, கறி விடுகிற தண்ணீர் போதும். வெந்ததும் இரும்புச் சட்டியில் சின்ன வெங்காயம் வதக்கி, வறுத்துப் பொடித்த தனியாவும் மிளகும் போட்டுச் சுண்டவிட்டால் முடிந்தது. தொட்டுக்கொள்ளக் கேழ்வரகுக் களி. ராச்சாப்பாட்டுக்கு இதைவிடச் சுலபம் எதுவும் இல்லை. குக்கர் அதன் வேலையைப் பார்க்கும்போது அவள் எனக்குத் தலைவாரிவிடுவாள்.

உப்பு மட்டும் அவள் பார்க்கமாட்டாள். கரண்டியோடு வந்து என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவாள். "போதுமா அண்ணி?" நான் நக்கிப் பார்த்து, "போதும்" என்பேன். அவள் சோறும் மோருமாகத் தனியே சாப்பிடுவாள்.

இது அத்திபெலேக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய பெரிய மகன் ஃபோனில் பேசினான். அவளுக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். எனக்கும் கேட்டது. "அந்தச் சட்டியத் தொட்ட கையோட இங்க சாமி ரூமுக்குள்ள வராதம்மா. கொஞ்ச நாள் அங்கயே அட்ஜஸ்ட் பண்ணிக்கோ." அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. நான் வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கிய பிறகும் அவளுக்குப் போக வீடு இல்லை. என்னை எலும்பு கட்டிப்போட்டது, அவளை அவள் பெற்ற பிள்ளை கட்டிப்போட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மிச்சத் துணிமணியைக் கொண்டுவந்து அந்தப் பெரியவன் வாசலுக்கு வெளியிலேயே நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை. "டேய், உங்கம்மா ஒரு துண்டு வாயில வெச்சதில்லடா. எனக்கு ஆக்கிப் போட்டா, அவ்ளோதான். கூட்டினு போ" என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. "நெஜமாவாம்மா? அப்பிடின்னா..."

சரோஜா ஈரக்கையோடு வந்தாள். "துணிய வெச்சிட்டுக் கெளம்பு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏன் அண்ணி சொன்னீங்க? துன்னலன்னு பரீட்சை எழுதி பாஸ் பண்ணாத்தான் என் வீட்டுக்குள்ள நான் போவணுமா?"

நேராக அடுப்படிக்குப் போனாள். சட்டியில் இருந்த கறியில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, நின்றபடியே மென்றாள். நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உப்பு கம்மி" என்றாள். "இத்தினி நாளா போதும் போதும்னு சொன்னீங்களே. உங்க நாக்கு செத்துப் போச்சு அண்ணி."

இன்னொரு துண்டு எடுத்தாள். அன்றிலிருந்து இரண்டு தட்டு.

அவள் உயிரோடு இருந்தபோது நுழைய விடாத கூடத்தில்தான் அவளைக் கிடத்தியிருந்தார்கள். கவிதா ஃபோனில் காட்டினாள். பெரியவன் தலையில் அடித்துக்கொண்டு, "பொண்ணு வீட்லதான் இருப்பேன்னு எங்கம்மா ஒரே பிடிவாதம்" என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அது பொய். அங்கே போய் என்னால் எழுந்து நின்று சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். அவள் பிடிவாதம் பிடிக்கவில்லை. நீங்கள் விடவில்லை.

காரியத்துக்கு அழைக்க நேற்று அவன் வந்தான். கார் அனுப்புகிறேன், ஆள் வைத்துத் தூக்கி இறக்குகிறேன் என்றான். "உள்ள வந்து கூப்புடு" என்றேன். அவன் கவிதாவைப் பார்த்தான், செருப்பைப் பார்த்தான், வாசலிலேயே நின்றான். நான் போகவில்லை.

சரோஜாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, கதவைச் சாத்திய அன்றைக்கு அவளுக்கு வந்த அந்தக் கோபம். அவளுக்கு அதை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை, மறுநாள் காலையிலேயே அவனுக்கு ஃபோன் போட்டு, "சாப்டியாடா?" என்று கேட்டாள். நான் வைத்துக்கொள்வேன்.