அமலாவின் சிவப்புச் சாடி

ஃபாக்டரியில் யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மராட்டிய ஊரான கட்கியில் சேவியர் வீட்டில் பாத்திரம் பறக்கும். போன வருஷம் குக்கர் மூடி பறந்து அமலாவின் மணிக்கட்டு உடைந்தது. "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றாள் டாக்டரிடம். பெண்டாட்டி வேறென்ன சொல்வாள், பாவம்!

அவள் தன் சாடிகளை பீரோவின் மேல் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பழைய சாமான் விற்கும் ஜூனா பஜாருக்குப் போய்விடுவாள். துருப்பிடித்த பூட்டுகள், ஓடாத கடிகாரங்களுக்கு நடுவே அவள் தேடுவது ஃப்ளாம்பே சாடிகளை. சூளைத் தீயில் மெருகு உருகி, சிவப்பும் ஊதாவுமாய் வழிந்து நிற்கும் பழைய சாடிகள். எடுத்ததும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாள். கணீரென்றால் முழுசு, சத்தம் அமுங்கினால் எங்கோ கீறல். கடைக்காரன் தலையிலடித்துச் சத்தியம் பண்ணினாலும் கீறல் விழுந்ததை வாங்கமாட்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் ஃபாக்டரியிலிருந்து வந்ததும் சேவியர் தோசைக்கல்லை வீசினான். குறி தப்பியது. அந்த ஆத்திரத்தில் ஸ்டூலைப் போட்டு ஏறினான், படுபாவி.

"இன்னாத்துக்குடி இந்த ஓட்ட ஒடசலு?"

முதல் சாடி சுவரில் சிதறியது. அடுத்தது அவள் காலடியில். சில்லு தெறித்துக் கணுக்கால் கிழிந்தது. மிச்சம் பெரிய சிவப்புச் சாடி ஒன்றுதான்.

"யோவ், அத்த மட்டும் தொடாதய்யா!"

அவன் சாடியோடு இறங்கி, அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்து, சாடியை அவள் கையிலேயே திணித்தான். "நீயே போட்டு ஒட. நான் பாக்கணும்."

அமலா இரண்டு கையாலும் சாடியைத் தூக்கி அவன் மண்டையில் இறக்கினாள். சேவியர் மடங்கி விழுந்தான். ரத்தம் தோசைக்கல்வரை ஓடியது. அவள் முதலில் அவனைப் பார்க்கவில்லை. சாடியைத் தட்டிப் பார்த்தாள். கணீரென்றது. அப்புறம்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

உயிர் இருந்தது. அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். பின்னாலேயே வந்த போலீஸ் ஹவல்தார், எதால் அடித்தாய் என்று இந்தியில் கேட்டார். அடித்த பொருள் ஸ்டேஷனுக்குப் போகும். கேஸ் முடியும்வரை அங்கேதான் கிடக்கும்.

சாடி மேஜைமேல் எல்லார் கண்ணெதிரேயும் இருந்தது. அந்தச் சிவப்பில் ரத்தம் எது, மெருகு எது என்று அமலாவுக்கே தெரியவில்லை.

"மைனே ஹீ மாரா," என்றாள் தலை நிமிர்ந்து, நான்தான் அடித்தேன் என்று. பிறகு தரையில் கிடந்த தோசைக்கல்லைக் காட்டினாள்.

ஜீப்பில் ஏறுமுன் பக்கத்து வீட்டு அபயாம்பாளைத் தமிழில் கூப்பிட்டாள். "அக்கா, அந்தச் சாடிய கழுவி உன் வூட்ல வெய்யி. தண்ணி தெளியறவரைக்கும் கழுவு."